தண்ணிக்கு நூலகத்தில் எத்தனை பெயர்?

"சார், தண்ணிப் பிரச்சினை பத்தி ஒரு புக் வேணுங்க."

கல்லூரி நூலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஆண்டுதோறும் ஜூலையில் இப்படி ஒரு கோரிக்கை வந்துவிடும். இந்த முறை கேட்டவள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் அது. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், பஸ்ஸில் பாதி தமிழ், கல்லூரி அறிவிப்புப் பலகையில் மலையாளம், பரீட்சைத் தாளில் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைகள். 'ஏதாவது ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்து ப்ராஜெக்ட் செய்' என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டில் தினமும் நடக்கிற பிரச்சினை தண்ணீர்தான். சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

ஆனால் அவள் கேட்ட மாதிரி ஒரு புத்தகம் எங்கள் நூலகத்தில் இல்லை. எந்த நூலகத்திலும் இருக்காது. அவள் ஊர்ப் பிரச்சினையைப் பற்றி ஏழெட்டு இடங்களில் ஏழெட்டுப் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. முதல்முறை நூலகத்தில் ஆய்வு செய்ய வருகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். 'தண்ணீர்ப் பிரச்சினை' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. யாருக்கு, எந்த ஊரில், எப்போதிலிருந்து என்று மூன்றையும் சேர்த்தால் கேள்வி தானாக வந்துவிடும். அவளிடம் கேட்டேன்: உங்க வீட்டுல தண்ணி எடுக்கப் போறது யாரு? "அம்மாவும் பாட்டியும்." எவ்வளவு தூரம்? "காலனிப் பைப்பு வரைக்கும். அது வரலைன்னா தோப்புக் கிணத்துக்கு." எப்போ இருந்து? "பாட்டி காலத்துல வீட்டுக் கிணத்துலயே இருந்துச்சாம்." இப்போது கேள்வி கிடைத்துவிட்டது: சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் வீட்டுக் கிணறுகள் எப்போது, எதனால் வற்றின, அதற்குப் பின் தண்ணீர் சுமக்கும் வேலை யார் தலையில் விழுந்தது? இது இன்னும் பெரிய கேள்விதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு ரேக்குக்கு நடக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக்கொண்டு வராதீர்கள். 'தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணமான அரசின் அலட்சியம்' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வருபவர், அதற்குத் தோதான வரிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார். அது ஆய்வு இல்லை, மேடைப் பேச்சுக்குக் குறிப்பெடுப்பது.

சரி, ரேக்குக்குப் போவோம். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண், வாங்கிய வரிசை எண் அல்ல. அது பொருளைச் சொல்லும் எண். பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பது 1876-ல் அமெரிக்காவில் மெல்வில் டூயி உருவாக்கிய தசமப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் பத்துக் கூடையில் பிரித்துப் போட்டார். 300-இல் தொடங்குவது சமூக அறிவியல். சமூகப் பிரச்சினை என்றதும் எல்லாரும் நேராக அங்கே போய் நிற்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் தண்ணீரை மட்டும் பாருங்கள். இயற்கை வளம் என்று எழுதினால் 333.91. குடிநீர் வழங்கல் ஒரு பொதுச் சேவை என்று எழுதினால் 363.61. யாருக்கு உரிமை என்று சட்டம் பேசினால் 346. குழாய், தொட்டி, சுத்திகரிப்பு என்று பொறியாளர் எழுதினால் 628.1. பூமிக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பது 551.49. தண்ணீர் சுமக்கும் பெண்களைப் பற்றியோ, காலனி மக்களைப் பற்றியோ எழுதினால் 305. ஒரே கிணற்று நீர், ஆறு ரேக்கில் கிடக்கிறது. எங்கள் நூலகத்தில் 333-க்கும் 628-க்கும் நடுவில் ஒரு மாடிப்படியே இருக்கிறது. பிள்ளைகள் கீழேயே தேடிவிட்டு 'புக் இல்லை' என்று போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் சீர்காழிக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். ஒரு பொருளுக்கு ஒரே எண் என்று பூட்டிவைப்பதில் அவருக்குத் திருப்தி இல்லை. 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், எதைப் பற்றி, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஒரு பொருளைக் கூறுகூறாகப் பிரித்து எண் கட்டலாம். உங்கள் நூலகம் டூயியிலேயே இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் கேள்வியைப் பிரிக்கும்போது ரங்கநாதன் மாதிரி பிரியுங்கள். நான் அந்தப் பெண்ணிடம் கேட்ட யாருக்கு, எங்கே, எப்போது எல்லாம் அவரிடம் கற்ற பழக்கம்தான்.

அப்புறம் கேட்லாக். இப்போது கேரளத்தில் பல கல்லூரிகளில் கோஹா என்ற இலவச மென்பொருள்தான். கணினியில் சொல்லைத் தட்டினால் பட்டியல் வரும். ஆனால் கேட்லாக் ஒரு முசுட்டுக் கிழவர் மாதிரி. தட்டிய எழுத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும், மனதில் இருப்பதற்குச் சொல்லாது. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சித்தூரை ஆங்கிலத்தில் 'யு' போட்டும் எழுதுவார்கள், இரண்டு 'ஓ' போட்டும் எழுதுவார்கள். இரண்டு 'ஓ' போட்டால் ஆந்திரத்துச் சித்தூரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கேயும் எல்லை, அங்கேயும் தமிழ், அங்கேயும் வறட்சி! ஒரு பையன் பத்து நாள் அந்தச் சித்தூரின் மழைக் கணக்கைக் குறிப்பெடுத்துவிட்டு, நகரி, புத்தூர் என்ற பெயர்கள் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டான்.

பாலக்காடும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 1990 வரை 'பால்காட்' என்பதுதான் அரசாங்கப் பெயர். அதற்கு முந்தைய புத்தகமும் அறிக்கையும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பைச் சில இடங்களில் தமிழ் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், சில இடங்களில் ஆங்கில எழுத்தில். 'தண்ணீர்' என்பதை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலும் எங்கள் கேட்லாக்கில் உண்டு. ஏற்றியவர்களில் நானும் ஒருவன், ஆகையால் அதிகம் திட்ட முடியவில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எப்படியோ ஒரு நல்ல புத்தகம் கைக்கு வந்துவிட்டால், கேட்லாக்கில் அதன் முழுப் பதிவைத் திறந்து, 'பொருள்' என்ற வரிசையில் என்ன சொல் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் நூலகம் உங்கள் பிரச்சினைக்கு வைத்திருக்கும் பெயர். அந்தச் சொல்லின் மேல் கிளிக் செய்தால் அதன் சொந்தபந்தமெல்லாம் வரிசையாக வரும். நீங்கள் 'போர்வெல்' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், அங்கே 'நிலத்தடி நீர்' என்று இருக்கும்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியூர் மாணவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆவணங்கள் ஊரின் பெயரில் சேருவதில்லை, அந்த ஊரை அப்போது யார் ஆண்டார்களோ அவர்கள் பெயரில் சேரும். இன்று சித்தூரும் பாலக்காடும் ஒரே மாவட்டம், பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் அன்று பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. ஆகவே 1887-ல் வில்லியம் லோகன் எழுதிய மலபார் மானுவல் என்ற மாவட்ட விவரக் கையேட்டில் சித்தூர்க் கிணறுகளைத் தேடக்கூடாது. 1911-ல் அச்சுதமேனன் எழுதிய கொச்சி மானுவலைத்தான் எடுக்க வேண்டும். 1951 மக்கள்தொகைக் கணக்கில் பாலக்காடு சென்னை மாநிலத் தொகுதியில் இருக்கும், சித்தூர் திருவிதாங்கூர்–கொச்சித் தொகுதியில் திருச்சூர் மாவட்டத்துக்குள் இருக்கும். 1956 நவம்பர் 1-இல் கேரளம் பிறந்து, 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் ஏற்பட்ட பிறகுதான் இரண்டும் ஒரே அட்டைக்குள் வந்தன. செங்கோட்டைக்காரர்கள், தேவிகுளம்–பீர்மேடு தோட்டக்காரர்கள் எல்லாரும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பழைய காகிதம் திருவிதாங்கூர்க் கட்டில் இருக்கிறது.

காலனி மக்களைப் பற்றிய பழைய பதிவும் இதே பாதையில்தான் வருகிறது. எங்கள் பக்கத்துப் பழங்குடியினரான எரவாளர்கள் பற்றி, கொச்சி ராஜ்ஜியத்துக்காக எல்.கே.அனந்தகிருஷ்ண ஐயர் 1909-ல் வெளியிட்ட தொகுதியில் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். ஆனால் அதில் பேசுவது பார்க்க வந்தவரின் குரல், பார்க்கப்பட்டவரின் குரல் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அடுத்தது எண்கள். எண் என்றாலே பலருக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கின் மாவட்டக் கைப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், எல்லாருடைய ப்ராஜெக்ட்டிலும் 2011 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கைப்புத்தகத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் குழாய், கிணறு, கைப்பம்பு, ஆழ்துளைக் கிணறு எது உண்டு, எது இல்லை என்று இருக்கும். காலனியின் பெயரைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் வரும்.

அதே கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் அட்டவணையில், குடிநீர் கிடைக்கும் இடத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: வீட்டு வளாகத்துக்குள், வீட்டுக்கு அருகில், தொலைவில். அவள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். 'அருகில்' என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பக்கத்து வீடு மாதிரி இருக்கும் என்றாள். விளக்கக் குறிப்புப் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். கிராமமானால் 500 மீட்டருக்குள் இருந்தால் 'அருகில்'. நகரமானால் 100 மீட்டர்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். அவள் வீட்டிலிருந்து தோப்புக் கிணறு ஏறக்குறைய 400 மீட்டர். போக வர 800. அம்மா காலையில் மூன்று நடை, சாயங்காலம் இரண்டு நடை. ஐந்து நடைக்கு 4 கிலோமீட்டர், அதில் பாதித் தூரம் இடுப்பில் நிறைகுடம். அட்டவணையில் அவள் வீடு 'அருகில்'.

கணக்கெடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. நாடு முழுவதற்கும் ஒரு கோடு கிழிக்க வேண்டும், எங்கோ கிழித்தார்கள். ஆனால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சதவீதத்தை மட்டும் எடுத்துப்போட்டால், உங்கள் வீட்டையே தவறாக எழுதிவிடுவீர்கள். எந்த அட்டவணையை எடுத்தாலும் எண்ணுக்கு முன்னால் விளக்கக் குறிப்பைப் படிப்பது நல்லது. சலிப்பான பக்கம்தான். ஆனால் அவள் ப்ராஜெக்ட்டின் மிக நல்ல பத்தி அந்தச் சலிப்பான பக்கத்திலிருந்துதான் வந்தது.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கையும் அப்படியே படிக்க வேண்டும். ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை போனால் ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதைத் தாண்டினால் மிகைச் சுரண்டல். மழைக்குப் பேர்போன கேரளத்தில், எங்கள் சித்தூர் வட்டாரம் பல ஆண்டுக் கணக்குகளில் அந்தக் கடைசிப் பிரிவில் வந்திருக்கிறது. ஆனால் அந்த அளவு ஒரு வட்டாரம் முழுமைக்குமானது. காலனிக் கிணறு வற்றியபோது பக்கத்துத் தென்னந்தோப்பு போர்வெல்லில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று அது சொல்லாது. அதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே விஷயத்தை வெவ்வேறு ஆவணங்கள் எப்படிச் சொல்கின்றன என்று பழக, எங்கள் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: பெருமாட்டிப் பஞ்சாயத்தில் உள்ள பிளாச்சிமடை. கோகோ கோலாவின் ஆலை அங்கே 2000-ல் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்தது, கெட்டது என்று சொல்லி 2002 ஏப்ரல் 22-இல் மக்கள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்களில் பலர் தமிழ் பேசும் பழங்குடிப் பெண்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இவ்வளவும் எந்தக் கட்டுரையிலும் கிடைக்கும். இதற்கு மேல் வேண்டும் என்றால் ஒவ்வொரு ஆவணமாகப் போக வேண்டும்.

ஆலை வழக்கில் வந்த தீர்ப்பை எடுங்கள். கட்டுரைகளின் அடிக்குறிப்பில் 2004, அடைப்புக்குள் 1, கேரள லா டைம்ஸ், 731 என்று ஒரு வரி இருக்கும். பயப்பட வேண்டாம், அது ஒரு முகவரி. கேரள லா டைம்ஸ் என்ற தீர்ப்புத் திரட்டின் 2004-ஆம் ஆண்டு முதல் தொகுதியில் 731-ஆம் பக்கம். கலைக் கல்லூரியில் அந்தத் திரட்டு இல்லாவிட்டால் சட்டக் கல்லூரியில் கேளுங்கள். 2003 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் காவலாள் என்று சொன்ன தீர்ப்பு அது. அதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். 2005 ஏப்ரலில் இருவர் அமர்வு அதை ஏற்காமல், நிலத்துக்காரருக்கு நியாயமான அளவு நீர் எடுக்க உரிமை உண்டு என்று நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை நிபந்தனையோடு அனுமதித்தது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல், இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் சட்டமன்றம் மசோதாவும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. தீர்ப்பை மட்டும் படித்தவர் வென்றோம் என்று எழுதுவார், மேல்முறையீட்டை மட்டும் படித்தவர் தோற்றோம் என்பார்.

இந்தக் காகிதங்கள் எதிலும் காலனிப் பெண்ணின் பேச்சு இல்லை. போராட்டத்தின் முகமாக இருந்த மயிலம்மா 2007-ல் இறந்துபோனார். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கைக் கதை மலையாளத்தில் இருக்கிறது, ஆங்கிலத்திலும் 2018-ல் வந்தது. அது 333-லும் இருக்காது, 346-லும் இருக்காது. வாழ்க்கை வரலாறு வைக்கும் ரேக்கிலோ மலையாளப் பகுதியிலோ இருக்கும். சமூகப் பிரச்சினையைத் தேடுகிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

பத்திரிகைக் கட்டைப் புரட்டுவதில் எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே ஆற்று நீரைப் பங்கிடும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. அதன்படி தமிழ்நாடு, சித்தூர்ப் பகுதிக்காக மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒவ்வொரு கோடையிலும் இதன்மேல் வாக்குவாதம் வரும். அப்போது கோயம்புத்தூர்ப் பதிப்புத் தமிழ்ப் பத்திரிகையையும் பாலக்காட்டுப் பதிப்பு மலையாளப் பத்திரிகையையும் ஒரே தேதியில் எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். அங்கே பொள்ளாச்சி விவசாயி பேசுவார், இங்கே சித்தூர் விவசாயி பேசுவார். இரண்டு பேருக்கும் கடன் இருக்கும், இரண்டு பேருக்கும் வாடிய தென்னை இருக்கும். திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இருக்கும் ஆய்வாளர் ஒரு மொழியோடு நின்றுவிடுவார். உங்களுக்கு இரண்டும் வாசிக்க வரும், அதைப் பயன்படுத்துங்கள். மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் போதும், தலைப்பும் எண்ணும் புரிந்துவிடும்.

கணினி அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டண ஆய்விதழ்களுக்கு, கல்லூரி சேர்ந்திருந்தால் என்-லிஸ்ட் கணக்கு ஒன்று நூலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். மாணவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை முதலில் பாருங்கள். ஒருவர் நாலைந்து வருஷம் அலைந்து சேர்த்த பட்டியல் அங்கே சும்மா கிடக்கிறது.

குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணையும் முதுகு எண்ணையும் அப்போதே எழுதிவிடுங்கள். போனில் படம் பிடித்தால் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மார்ச் மாதம் சமர்ப்பிக்கும் நாளில் கவுன்ட்டருக்கு ஓடி வந்து, "சார், ஒரு பச்சை அட்டை போட்ட புக்" என்று கேட்பீர்கள். எங்களிடம் பச்சை அட்டை போட்ட புக் நிறைய இருக்கிறது.

அந்தப் பெண் ஆகஸ்டில் திரும்ப வந்தாள். பாட்டியை உட்காரவைத்து, ஊரில் வீட்டுக் கிணறு இருந்த இடமெல்லாம் கேட்டு ஒரு வரைபடம் போட்டிருந்தாள். பதினேழு கிணறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது வற்றிய வருஷம், வருஷம் நினைவில்லாத இடத்தில் 'பெரியப்பா கல்யாணத்துக்கு அடுத்த கோடை' என்று. மேஜையில் விரித்து வைத்துவிட்டு, பழைய மழைக் கணக்கு எந்த ரேக்கில் இருக்கிறது என்று கேட்டாள். 551-க்கு மாடி ஏறச் சொன்னேன்.